பிப்ரவரியில் எடுத்த படம்

கடவுச்சொற்கள், கோப்புகள், யாரிடம் எதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் நான் மலாயில் எழுதிவைத்த ஒப்படைப்புக் குறிப்பில் இருக்கின்றன. அச்சுப்பொறி அடம் பிடித்தால் இடது பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். அது ஒன்றுதான் அந்தக் குறிப்பில் விட்டுப்போயிற்று.

இது வேறு. நீங்கள் இருவரும் வேலையில் சேர்ந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டீர்கள்: "அக்கா, இத்தன வருசத்துல நீங்க பெருமையா நெனைக்கிற வேலை எது?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். திங்கட்கிழமை சரவாக்கில் புது வேலைக்குப் போகிறேன். அதற்குள் சரியான பதிலை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெறுகிறவர்கள் எழுத வேண்டியதை முப்பத்திரண்டு வயதில் எழுதுகிறாளே என்று சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. எட்டு வருடம் இந்த மேசையில் இருந்திருக்கிறேன். சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

நம் வேலையைப் பற்றி வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் அப்பா எங்கள் ஊர் சிலிபினில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "ஆத்தப் பத்தி ரிப்போர்ட் எழுதுறா" என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைத் திருத்தப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். ஆற்றுக்காக அரசாங்கம் போட்ட கொள்கை அந்த ஆற்றுக்கு ஏதாவது செய்ததா என்று பார்ப்பவர்கள் நாம். கேட்கச் சின்ன கேள்விதான். அதற்கு நான் ஒரு தடவை மூன்றே நாளில் பதில் எழுதினேன். அந்தக் கதைதான் இது.

செமோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்று, வீட்டு மனைகளாக்கி, இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகள். ஆற்றங்கரையோரம் மட்டும் நீளமாக ஒரு துண்டு நிலம் தப்பியது. அதில் தோட்டத்துப் பழைய பால்மரங்கள், ரப்பர் மரங்கள், நின்றன. நிலம் அரசாங்கத்துடையது. மரங்கள் நின்றால் கரை அரிக்காது, ஆற்றில் சேறு இறங்காது என்று ஒரு திட்டம் போட்டார்கள். முன்பு அந்தத் தோட்டத்தில் வேலை செய்த பதினோரு குடும்பங்கள் அந்த மரங்களைச் சீவிப் பால் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு மரத்தையும் வெட்டிச் சாய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் அனுமதி புதுப்பிக்கப்படும். சில வருடம் கழித்து, திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று மதிப்பிடச் சொல்லி நம் பிரிவுக்கு வந்தது. பிரிவுத் தலைவி அதை என் கையில் கொடுத்தார்.

எனக்கு அப்போது இங்கே இரண்டாவது வருடம். படித்த படிப்பெல்லாம் கைவிரலில் துறுதுறுத்துக்கொண்டிருந்த காலம். மற்றவர்கள் மூன்று வாரம் எடுக்கிற வேலையை மூன்று நாளில் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. திட்டம் தொடங்கியபோது எடுத்த செயற்கைக்கோள் படம் ஒன்று இருந்தது. புதுப் படம் தேடினேன். நம் ஊர் மேகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் வெள்ளை வெள்ளையாகத்தான் கிடைக்கும். கடைசியில் சீனப் பெருநாளை ஒட்டிப் பிப்ரவரியில் ஒரு படம், பளிச்சென்று, ஒரு பொட்டு மேகம் இல்லாமல். துள்ளிக் குதித்தேன்.

இரண்டையும் ஒப்பிட்டேன். முதல் படத்தில் ஆற்றோரம் பச்சைப் பட்டை. இரண்டாவதில் அந்தப் பட்டை முக்கால்வாசி பழுப்பு. மரங்கள் போய்விட்டன என்று எழுதினேன். குடும்பங்கள் நிபந்தனையை மீறிவிட்டன, அனுமதியை ரத்து செய்யலாம் என்று பரிந்துரையும் எழுதினேன். சாய்வெழுத்தில் வேறு. தலைவி படித்துவிட்டு, "வேகம்தான் நீ" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மதிப்பீட்டுக் குழு ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை கூடுவதாக இருந்தது. குழுவுக்கு அறிக்கை போகும்போது, பாதிக்கப்படப்போகிறவர்களுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும், அது விதி. போயிற்று. செவ்வாய்க்கிழமை என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"ஹலோ, ரிப்போர்ட் எழுதுன மிஸ்ஸா? நான் செல்வி பேசுறேன், ஆத்துக்கர மரத்து ஆளுங்க. நாங்க மரத்த வெட்டிச் சாய்ச்சிட்டோம்னு எழுதியிருக்கீங்களாமே?"

பதினோரு குடும்பங்களுக்கும் அவர்தான் பேச்சாளர் என்பது கோப்பில் இருந்தது. விடிகாலையில் மரம் சீவுவார், பத்து மணிக்கு மேல் செமோரில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்காருவார். பின்னால் அங்காடியின் பாட்டுச் சத்தம் கேட்டது.

"படம் இருக்குக்கா" என்றேன்.

"எங்கக்கிட்ட மரம் இருக்கு தங்கச்சி. வந்து பாருங்க லா."

புதன்கிழமை மத்தியானம் போனேன். வெளியில் சொல்ல வெட்கம்தான், ஆனால் எழுதுகிறேன்: அந்த இடத்தை மதிப்பிட்டு முடித்த பிறகு, முதல் தடவையாக அங்கே அன்றைக்குத்தான் கால் வைத்தேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். கைப்பேசியில் இடத்தைச் சரிபார்த்தேன். சரியான இடம்தான். தலைக்கு மேலே பச்சைக் கூரை. வெயில் காசு அளவுகூட கீழே விழவில்லை. இளம் இலைகள், அந்தப் புது மினுமினுப்போடு. ஒரு மரம்கூடக் குறையவில்லை. வரிசை வரிசையாக எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

செல்வி அக்கா கல்லாவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கூட அவருடைய அண்ணன் ராஜு. நான் எண்ணுவதை இருவரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்ப புடிச்ச படம் தங்கச்சி?" என்றார் ராஜு அண்ணன்.

"பிப்ரவரி."

அவர் செல்வி அக்காவைப் பார்த்தார். செல்வி அக்கா ஆற்றைப் பார்த்தார். பிறகு இருவருமே சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள்.

"பிப்ரவரில பால்மரத்துல ஏது லா எல? அத்தனையும் கொட்டிரும். குச்சி குச்சியா நிக்கும். அப்பறம் தளிர் விடும். வருசா வருசம் நடக்குறதுதான். படிச்ச புள்ள, உங்க ஸ்கூல்ல சொல்லித்தரலியா?" என்றார் ராஜு அண்ணன்.

"நீங்க எந்த ஊரு?" என்றார் செல்வி அக்கா.

"சிலிபின்."

"தாத்தா பாட்டி?"

"தோட்டம்தான்" என்றேன். "மரம் சீவுனவங்க. ரெண்டு பக்கமும்."

"அலாமா!" என்று ராஜு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பால்காரங்க பேத்தி பால்மரம் எல உதுத்ததுக்கு எங்க மேல கேஸ் போட்டிருக்கு!"

இரண்டு தலைமுறைக்குள் இப்படி ஆகிவிட்டது பாருங்கள். எங்கள் வீட்டில் யாரும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவே சொல்லியிருப்பார். தோட்டத்தை விட்டு வந்ததைத்தான் எங்கள் வீட்டில் பெரிய விஷயமாகப் பேசுவார்கள். மரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நானும் கேட்டதில்லை. ஒரு சீனரோ மலாய்க்காரரோ இந்த ஆய்வைச் செய்திருந்தால், தெரியாத மரமாயிற்றே என்று யாரிடமாவது கேட்டிருப்பார். பால்மரம்தானே, நம்ம மரம்தானே என்று நான் கேட்காமல் விட்டேன். உங்கள் இருவரின் பாட்டன் பூட்டனும் தோட்டத்தார் என்று சொன்னீர்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தெரிந்த இடம் என்று தோன்றுகிற இடத்தில்தான் நீங்கள் ஒரு கேள்வி அதிகம் கேட்க வேண்டும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் தப்பைத் திருத்திய நல்ல பிள்ளை, அவ்வளவுதான். முடியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஏப்ரல் மத்தியான மழை, குன்றுகளை மறைத்துக்கொண்டு வருமே, அது. ராஜு அண்ணனின் கொட்டகைக்கு ஓடினோம். ஓடும்போது வழுக்கி விழப் பார்த்தேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

மரத்தடியில் ஒரு புல் இல்லை. ஒரு செடி இல்லை. சிவந்த மண், வழித்துவிட்டது போல. மழை விழ விழ அந்த மண் கரைந்து, மரங்களுக்கு நடுவே ஓடை ஓடையாக ஓடி, ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. பால் டீ, நம் தே தாரிக் நிறத்தில்.

"புல்லே இல்லியேண்ணே?"

"எப்படி இருக்கும்? மாசம் தவறாம புல்லு மருந்து அடிக்கிறேனே!" என்றார் பெருமையாக. "தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் எப்படி வச்சிருப்பாரோ அதே மாதிரி. ஒரு புல்லு நின்னா அந்தக் காலத்துல என்ன ஏச்சு ஏசுவாங்க தெரியுமா? அதிகாரிங்க வருசா வருசம் செக் பண்ண வாராங்க. அசிங்கமா இருக்கலாமா?"

செல்வி அக்கா போன வருடத்துச் சோதனைப் படிவத்தை நெகிழி உறைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். "பாருங்க, எங்களுக்கு ரொம்ப நல்ல மார்க்கு."

படிவத்தில் 'துப்புரவு' என்று ஒரு வரி இருந்தது. அதில்தான் அவர்களுக்கு முழு மதிப்பெண். அதற்கு முந்தைய வருடம் புதர் மண்டிக் கிடக்கிறது என்று குறைத்திருக்கிறார்கள். அதிலிருந்துதான் ராஜு அண்ணன் மாதாமாதம் மருந்து அடிக்க ஆரம்பித்திருக்கிறார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழையில் நனைந்ததால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் சேறு இறங்கக் கூடாது என்று ஒரு திட்டம். அந்தத் திட்டத்தின் படிவமே சேற்றை இறக்கிக்கொண்டிருக்கிறது. மரம் நிற்கிறதா என்று மேலேயிருந்து பார்த்தோம், சுத்தமாக இருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்தோம். கரையில் நின்று தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

மழை விட்டது. செல்வி அக்கா பால் சேர்க்காத தே ஓ ஊற்றிக் கொடுத்தார். "நாளைக்கு மீட்டிங்ல சொல்லிருவீங்கதானே தங்கச்சி? மரமெல்லாம் அப்படியே இருக்குன்னு?"

"சொல்லிர்றேன்கா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கோப்பையில் தே ஓ பாதி இருந்தது. அதைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். குழுவில் வடிகால் பொறியாளர் ஒருவர் இருந்தார். ஆற்றங்கரைக்குச் சிமெண்டு போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஆரம்பம் முதல் சொல்லிவந்தவர். மண் கரைகிறது என்று நான் வாய் திறந்தால் அவர் கையில் கத்தியைக் கொடுத்த மாதிரி. திறக்காவிட்டால், நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிற ஆள் ஆகிவிடுவேன். இரண்டில் எதைச் செய்தாலும், இவர்களுக்குக் கூட்டத்தில் வைத்துத் தெரியக் கூடாது என்பது மட்டும் உறுதியாக இருந்தது.

"அக்கா, இன்னொண்ணும் சொல்லுவேன். இந்த மண்ணப் பத்தி. மருந்து அடிக்கிறதால கரை கரையுது."

ராஜு அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்க சுத்தமா வச்சிருக்கிறது தப்பா?"

"உங்க தப்பு இல்லண்ணே. படிவம் அப்படி..."

"மொதல்ல மரம் இல்லன்னீங்க. மரம் இருக்கு. இப்ப மண்ணு சரியில்லங்கறீங்க. எங்கள அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தீங்களா?" என்று கத்தினார் ராஜு அண்ணன்.

செல்வி அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "நம்ம புள்ள ஒண்ணு உள்ள இருக்குன்னு சந்தோசப்பட்டோம்" என்றார். படிவத்தை உறைக்குள் திரும்ப வைத்தார். "போங்க தங்கச்சி. மழ திரும்ப வரும்."

ஐந்து மணிக்கு அலுவலகத்தில் தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "நாளைய பட்டியலிலிருந்து இதை எடுத்துவிடலாம். ஒரு மாதம் கழித்துப் புது அறிக்கை வைப்போம். பழையதை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். உனக்கும் நல்லது."

"செல்வி அக்கா ஞாபகம் வைத்திருப்பார்" என்றேன்.

"மண் விஷயத்துக்கு உன்னிடம் என்ன இருக்கிறது? ஒரே ஒரு மழை."

"ஒரே ஒரு மழை என்றே சொல்கிறேன்."

அவர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "இந்தத் திருத்தம் உன் பெயரில்தான் போகும்."

"போகட்டும்."

அறிக்கையின் தொடக்கத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தேன். முன்பு இப்படி எழுதினேன், அது தவறு, தவறியது இப்படி, அந்த இடத்துக்கு நான் போகவே இல்லை, என்று. நான்கு வரிதான். என் வாழ்க்கையில் அதைவிட மெதுவாக எதையும் தட்டச்சு செய்ததில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். குடும்பங்கள் சார்பாகப் பேச செல்வி அக்காவும் வந்திருந்தார், அங்காடியின் சீருடையிலேயே. என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து அந்த நான்கு வரியையும் வாசித்தேன். பிறகு மண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு படிவத்தை எல்லோருக்கும் காட்டி, துப்புரவு என்ற வரியைப் படித்தேன்.

பொறியாளர் பேனாவை மூடினார். "போன வாரம் மரம் இல்லை என்றீர்கள். இன்றைக்கு மரம் இருக்கிறது, புல் இல்லை என்கிறீர்கள். அடுத்த வாரம் என்ன இல்லாமல் போகும்? உங்கள் எந்தப் பேச்சை நாங்கள் நம்புவது?"

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் வாய் தானாக நம்மைக் காப்பாற்றப் பார்க்கும். மேகம், படத்தின் தரம், கால அவகாசம் என்று ஆயிரம் காரணம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள்.

"என் பேச்சை நம்ப வேண்டாம்" என்றேன். "நிலத்தில் பாதியில் மருந்தை நிறுத்துவோம். மறுபாதி இப்போது போலவே இருக்கட்டும். ஒரே மழையில் இரண்டு பக்கமும் ஓடுகிற தண்ணீரைப் பிடித்து உங்கள் மேசையில் வைக்கிறோம். அதுவரைக்கும் அனுமதியைப் புதுப்பியுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், ரத்து செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன்."

தலைமை வகித்தவர் செல்வி அக்காவைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். அவர் எழுந்தார். மலாயில்தான் பேசினார். "புல் இருந்ததற்கு மதிப்பெண் குறைத்தீர்கள். இப்போது புல் வளர்க்கச் சொல்கிறீர்கள். வளர்க்கிறோம். அடுத்த வருடம் வேறொருவர் வந்து அசிங்கம் என்று எழுதினால்? முதலில் அந்த வரியை அடியுங்கள். அடித்ததை எழுதிக் கொடுங்கள்."

எட்டு வருடத்தில் நான் கேட்ட சிறந்த கொள்கை மதிப்பீடு அதுதான். ஆறே வாக்கியம். என் அறிக்கை நாற்பது பக்கம்.

அனுமதி ஆண்டு முடியும் வரை நீட்டிக்கப்பட்டது. அந்த வரி அடிக்கப்பட்டது, எழுதியும் கொடுத்தார்கள்.

மருந்து அடிக்கிற பாதியை ராஜு அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார். "என் பக்கந்தான் தெளிவா வரும், பாத்துக்கிட்டே இருங்க." தண்ணீர் பிடிக்கிற வேலையை என்னிடம் கொடுக்க செல்வி அக்கா ஒப்பவில்லை, தானேதான் பிடிப்பேன் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மழைக் காலம் வந்ததும் ஒவ்வொரு மழைக்கும் இரண்டு போத்தல், தேதி எழுதிய ஒட்டுத்தாளோடு. நான் போகும்போதெல்லாம் கொட்டகைப் பலகையில் ஜோடி ஜோடியாக வரிசை நீண்டிருக்கும். புல் பக்கத்துத் தண்ணீர் வெளிறியிருந்தது. ராஜு அண்ணன் பக்கம் ஒவ்வொரு தடவையும் தே தாரிக்.

"கொஞ்ச நேரம் வச்சா தெளிஞ்சிரும்" என்றார் அவர், ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி.

"ஆறு உங்களுக்காக நின்னு வெயிட் பண்ணுமாண்ணே?" என்றார் செல்வி அக்கா.

அடுத்த வாரம் ராஜு அண்ணன் மருந்துத் தெளிப்பானைக் கழுவி உள்ளே வைத்துவிட்டார். எனக்குத் தே ஓவும் அன்றைக்குத்தான் திரும்பக் கிடைத்தது.

ஆண்டுக் கடைசிக் கூட்டத்தில் போத்தல்களை மேசையில் வைத்தோம். பதினோரு குடும்பங்களுக்கும் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. புது நிபந்தனையில் மரத்தோடு புல்லும் சேர்ந்தது.

இதில் எனக்குப் பெருமை எங்கே என்று கேட்பீர்கள். என் முதல் பரிந்துரை அப்படியே நிறைவேறியிருந்தால், எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும், அவர்களுக்கு மரம் போயிருக்கும், ஆற்றுக்குச் சிமெண்டு வந்திருக்கும். அதை நானே நிறுத்தினேன், எல்லோர் முன்னாலும், என் பெயரைப் போட்டு. மார் தட்டிக்கொள்கிறாள் என்றால் ஆமாம், தட்டிக்கொள்கிறேன். நீங்களும் ஒரு நாள் தப்பாக எழுதுவீர்கள். அன்றைக்குக் கடிதம் வந்தவரின் தொலைபேசியை எடுங்கள். மணி அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த ஆண்டுக் கடைசிக் கூட்டத்தில் செல்வி அக்கா அனுமதித் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தார். அவசரப்படுத்திய எழுத்தரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பதினோரு குடும்பங்கள் சார்பிலும் கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பொறியாளரிடம் சொன்னார்:

"அடுத்த தடவை சோதனைக்கு வரும்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். புல் முட்டி வரைக்கும் நிற்கிறது."

பொறியாளர் பேனாவை வாங்கி அதையும் குறித்துக்கொண்டார்.